இரண்டு மில்லிமீட்டர்தானே!

"இரண்டு மில்லிமீட்டர்தானே தாதா! இதற்குப் போய் யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவருக்கு என்னைவிட முப்பது வயதாவது குறைவாக இருக்கும். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் சினிமாக்களில் வரும் தாதா அல்ல. அறுபது தாண்டியவரையும் தாதா என்று கூப்பிட்டுப் பாதிக் கோபத்தை இறக்கிவிடும் சாமர்த்தியம் கொல்கத்தா கடைக்காரர்களுக்கு உண்டு. 2018இல் அந்த ஒரு நாள் மட்டும் அது என்னிடம் பலிக்கவில்லை.

நான் அவரிடம் வாங்கியது கிட்டாரின் விரல் பலகை. 900 ரூபாய். கழுத்தின் மேல் ஒட்டுவோமே, ஃப்ரெட் கம்பிகள் பதிக்க வரிசையாகக் கீறல் போட்ட பலகை, அதுதான். உறையின் மேல் 650 மில்லிமீட்டர் அளவு என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது 648 மில்லிமீட்டருக்குக் கீறியது. உறையை நம்பினேன். பலகையை ஒட்டி, ஃப்ரெட்டுகளை அடித்து, 650 கணக்குப்படி பிரிட்ஜையும் ஒட்டி, கம்பி மாட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நீங்களும் நினைக்கலாம். கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒன்றும் வராது. கிட்டாரில் வரும். கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் கிடைக்கும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதி வழியில் வந்து நிற்கும். அங்கே விரல் வைத்தால் மேல் ஷட்ஜமம் பேச வேண்டும். 650க்கு அந்த இடம் 325 மில்லிமீட்டர். என் பலகையில் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றது. அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் சுமார் ஐந்து பங்கு குறைந்து ஒலித்தது. தனியாக வாசித்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். திறந்த கம்பியோடு சேர்த்து மீட்டினால் காது கூசும்.

நம் வீணையில் இந்தத் தொல்லை இல்லை. 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, மறுபடி மேளம் கட்டிவிடலாம். கிட்டாரில் ஃப்ரெட்டை மரத்தில் அடித்து இறக்கியாகிவிட்டது. மன்னிப்பே கிடையாது.

கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "பிரிட்ஜை இரண்டு மில்லி முன்னால் தள்ளி ஒட்டிவிடுங்களேன்!" நியாயமாகப் பார்த்தால் அது சரியான யோசனைதான். ஒட்டுவதற்கு முன்பு தெரிந்திருந்தால் பிழையே இருந்திருக்காது. 648ம் நல்ல அளவுதான். உலகத்தில் லட்சக்கணக்கான கிட்டார்கள் அந்த அளவில் இருக்கின்றன. உறையின் மேல் உண்மையான எண்ணைப் போட்டிருந்தால் போதும். அதைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நாங்கள் விற்கிறவர்கள்தானே தாதா, அளந்தா பார்க்க முடியும்? கம்பெனி போட்டு அனுப்புவதை அப்படியே கொடுக்கிறோம்" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கொல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்களில் ஒருவனாகி, இங்கேயே தங்கிவிட்டவன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் 31 வருடம். அதில் பெரும்பகுதி க்ளெய்ம்ஸ் பிரிவில். பணம் கேட்டு வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறேன். 2014இல் ஓய்வு பெற்றபோது கை துறுதுறுத்தது.

கிட்டார் ஆசைக்குக் காரணம் இந்த ஊர்தான். 1940களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதற்குப் பிறகு வங்காளிகள் ஹவாயன் கிட்டாரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார்கள். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டை உருட்டி, அதில் ரவீந்திர சங்கீதம் வாசிப்பார்கள். நான் வந்த புதிதில் எங்கள் தெருவில் மாலை வேளையில் இரண்டு வீட்டிலாவது அந்தச் சத்தம் கேட்கும். நாட்டில் கிட்டார் தயாராகும் முக்கிய இடங்களில் இந்த நகரமும் ஒன்று. இவ்வளவு இருக்கும் ஊரில், ஒருவன் தன் வீட்டு மொட்டைமாடியில் ஒரே ஒரு கிட்டார் செய்ய வேண்டுமென்றால் சாமான் கிடைக்காதா என்று நினைத்தேன்.

கிடைக்கும். ஆனால் பெட்டி கணக்கில் கிடைக்கும். தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் சப்ளை செய்கிற கடையில் போய் நான் ஒரு ட்ரஸ் ராட், ஆறு முறுக்காணி, ஒரு பலகை என்று சீட்டை நீட்டினால், கல்யாணச் சமையல்காரரிடம் போய் ஒரு வாய் காப்பி கேட்டவனைப் போலத்தான் பார்ப்பார்கள். "ஹோயே ஜாபே" என்பார்கள். ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது ஆகும் என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை.

ஆகவே 2016இல், இரண்டாவது கிட்டாருக்கு, அமெரிக்காவில் தபால் வியாபாரம் செய்யும் ஒரு கடையிலிருந்து ட்ரஸ் ராட் வரவழைத்தேன். அது கிட்டாரின் முதுகெலும்பு. ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்தில் கழுத்தை முன்னால் இழுக்கின்றன. அதைத் தாங்க, கழுத்துக்குள் ஒரு இரும்புத் தண்டைப் புதைத்து, நுனியில் உள்ள மறையைத் திருகி நிமிர்த்துவார்கள். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். என்னுடையதை மூன்றாவது தடவை திருகும்போது மறை வழுக்கிவிட்டது.

க்ளெய்ம்ஸ் பிரிவுக்காரன் அல்லவா? பதினோரு அம்சங்களுடன், தேதிவாரியாக, ஈமெயிலில் ஒரு புகார் எழுதினேன். எதிராளி தப்பிக்க ஒரு சந்துகூட விடவில்லை. மறுநாளே பதில் வந்தது. என் பதினோரு அம்சங்களில் ஒன்றைக்கூட அந்த மனிதர் கண்டுகொள்ளவில்லை. மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். கழுத்தில் தோண்டிய பள்ளத்தின் ஆழம் என்ன? எத்தனை சுற்றுத் திருகினீர்கள்? தண்டின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது? பதில் எழுதினேன். "நீங்கள் செய்தது சரி. மறையில்தான் கோளாறு. புதியது அனுப்புகிறோம். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்" என்று வந்தது. அதோடு விட்டாரா? ஒட்டிய பலகையை உடைக்காமல் எப்படி எடுப்பது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார். இஸ்திரிப் பெட்டியால் பலகையைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய கத்தியை நுழைத்து, அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும்.

"ஏங்க, அது என் பட்டுப்புடவைக்கு வைத்திருக்கிற இஸ்திரிப் பெட்டி" என்றாள் மனைவி. பலகை முழுசாக வந்தது. இஸ்திரிப் பெட்டிதான் பிறகு புடவைக்கு ஆகவில்லை.

புதிய தண்டு வந்தபோது, இலவசமாக வந்த பொருளுக்குத் தபால்காரர் சுங்கவரி கேட்டார். பொட்டலத்தின் மேல் மதிப்பு எழுதியிருந்ததே, வரி அதற்கு. அந்த வரியைக் கட்டியபோதுகூட எனக்கு வருத்தமில்லை. என்னை முதலில் குற்றவாளியாக்காமல் ஒருவர் பேசியிருக்கிறார் என்பதே பெரிதாக இருந்தது.

அடுத்த வருடம் அதே கடை எனக்கு ஒரு பொருளை விற்க மறுத்தது. தோதகத்தி விரல் பலகை. ஈட்டி மரம் என்றும் சொல்வோம். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளின் மரம். பிரேசில் தோதகத்தி கிடைப்பது அரிதானபோது அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் நம் மரத்துக்கு மாறியது. இன்று உலகின் நல்ல கிட்டார்களில் பலவற்றுக்கு முதுகும் விலாவும் நம் காட்டு மரம்தான். 2017 ஜனவரி 2 முதல் இந்த இன மரங்கள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். "சீட்டுக்கு ஆகும் செலவு பலகையின் விலையைவிட அதிகம். உங்கள் பணத்தைத் திருப்பிவிட்டோம். கருங்காலியில் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நம் மலையில் பிறந்த மரம் நம் நாட்டுக்குத் திரும்ப அனுமதிச் சீட்டு! சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. முடிந்த வாத்தியங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019 நவம்பரில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் 2017இல் எனக்குப் பலகை இல்லை. அதனால்தான் உள்ளூர்க் கடைக்குப் போனேன். இரண்டு மில்லிமீட்டரில் மாட்டிக்கொண்டேன்.

வெளிநாட்டுக்காரன் எல்லாம் யோக்கியன், நம் ஆட்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோன வெளிநாட்டு விற்பனையாளரையும் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை கொல்கத்தாவிலேயேதான் கிடைத்தது. லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில், பழைய சித்பூர் ரோட்டில், வரிசையாக வாத்தியக் கடைகள். அதில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. எஸ்ராஜுக்கும் தம்புராவுக்கும் நடுவில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் 1,500 ரூபாய்க்கு உயர்ந்த ரக முறுக்காணி செட் கேட்டேன். வீணையில் பிரடை செய்யும் வேலையைக் கிட்டாரில் செய்வது அது. அவர் எடுத்துத் தரவில்லை. "கிட்டாரைக் கொண்டுவாருங்கள்" என்றார். மறுநாள் கொண்டுபோனேன். தலைப்பகுதியின் துளையில் அளவுகோலை நுழைத்துப் பார்த்தார்.

"உங்கள் துளை 8 மில்லி. இதற்கு 10 வேண்டும். பெரிதாக்கினால் விளிம்பில் மரம் மிஞ்சாது, பிளந்துவிடும். வாங்காதீர்கள்."

பழைய ஆணிகளையே கழற்றி, எண்ணெய் விட்டு, துளைக்குள் 40 ரூபாய்க்குப் பித்தளை வளையங்கள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த முறை முதலில் ஆணியை வாங்குங்கள், அப்புறம் துளை போடுங்கள்" என்றார். 1,500 ரூபாய் வியாபாரத்தை 40 ரூபாய்க்கு விட்டுக்கொடுத்த மனிதர். அன்றிலிருந்து ஒற்றைக் கம்பி வாங்குவதென்றாலும் நான் அந்தக் கடைக்குத்தான் மெட்ரோ ஏறிப் போகிறேன்.

ஒஹோ என்று பேசுவதோ, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று டேப்பில் சொல்வதோ சேவை இல்லை என்பதை இந்த மூன்று பேரும் எனக்குக் காட்டினார்கள். விற்கிற பொருளைத் தெரிந்து வைத்திருப்பது, அதைப் பற்றி உண்மையைச் சொல்வது, கெட்டுப்போனால் முதலில் பொருளைச் சந்தேகிப்பது. முதல் கடைக்காரருக்கு இவை மூன்றும் இல்லை. தாதா என்ற மரியாதை மட்டும் இருந்தது.

நீங்கள் கேட்கலாம்: சட்டம் இல்லையா? இருந்தது. 1986ஆம் வருடச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. இப்போதுள்ள 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது, இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ரசீதில் கெடு இல்லையென்றால் 30 நாள். ரசீது தராததும் முறையற்ற வணிகமே. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். அன்று என் ரசீதில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தது. நான் வழக்குப் போடவில்லை. 900 ரூபாய்க்கு எத்தனை நாள் அலைவது என்று விட்டுவிட்டேன். எதிராளி அப்படித்தான் நினைப்பான் என்று கணக்குப் போடுவது க்ளெய்ம்ஸ் பிரிவில் முதல் பாடம். அந்தக் கணக்கில் இப்போது நானே ஒரு புள்ளி.

அந்தக் கிட்டார் புனாவுக்கு வேலைக்குப் போன மகளுக்காகச் செய்தது. "ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டாதே" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இன்றுவரை தாண்டவில்லை, நல்ல பெண்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2022இல் துர்கா பூஜைக்கு முன்னால், பக்கத்துத் தெருவில் இருக்கும் பையனுக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தேன். பதினைந்து வயது. அம்மா கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண். 12,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் ஆறு மாதத்தில் கொடுத்து முடித்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

மறு வருடம் ஜூன் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் கிட்டாரைப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிரிட்ஜின் பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம் போல இடைவெளி.

நான் சொன்ன முதல் வாக்கியம்: "கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது? வெயிலில் வைத்தாயா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாதான் பேசினார். பதினைந்து நாளாக அவன் இதை வீட்டில் சொல்லவில்லையாம். கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறான். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டு அதட்டிய பிறகுதான் எடுத்துக் காட்டியிருக்கிறான். "அவ்வளவு பணம் போட்டு வாங்கியதை உடைத்துவிட்டேன் என்று அழுகிறான் மேஷோமோஷாய்" என்றார்.

கிட்டாரை மேஜையில் வைத்து, விளக்கை ஏற்றி, இடைவெளிக்குள் பார்த்தேன். பிரிட்ஜுக்கு அடியில், விளிம்போரமாக, வார்னிஷ் பளபளத்தது. மரத்தோடு மரம் ஒட்டினால்தான் பசை பிடிக்கும். ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்து வார்னிஷை ஒட்டச் சுரண்டிவிட வேண்டும். பூஜைக்கு முன் கொடுத்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், ஓரத்தில் ஒரு கீற்றை விட்டிருக்கிறேன். எவ்வளவு அகலம் என்று அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர்.

பையன் கேட்டான்: "தாது, என் தப்பா?"

தாது என்றால் தாத்தா. 31 வருட அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு என்னிடம் பல பதில்கள் தயாராக இருந்தன. கொல்கத்தா மழைக்காலத்தின் ஈரப்பதம். தடித்த கம்பி. பத்து மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் ஓரளவு உண்மையும்கூட. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அதை மறுத்துப் பேசத் தெரியாது, நம்பிவிட்டுப் போயிருப்பார்கள். அவனும் தன் வாழ்நாள் முழுக்க, பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"இல்லைப்பா, என் தப்பு. இங்கே பார்" என்று விளிம்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் அப்போது வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன்.

அமெரிக்கக் கடைக்காரர் சொல்லித் தந்த வைத்தியம் கைகொடுத்தது. சூடு காட்டி, மெல்லிய கத்தியால் பிரிட்ஜை எடுத்து, வார்னிஷை முழுதாகச் சுரண்டி, புதுப் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். அந்த ஒரு நாளில் பையன் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் கம்பி மாட்டிக் கொடுத்தேன். கம்பிக்கு அம்மா பணம் எடுத்தார். வாங்கவில்லை. வாங்காததைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோளாறான பொருளைக் கொடுத்தவன் சரி செய்து தருவது கடனே தவிர தயவு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ஒரு டப்பா சந்தேஷைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு கிட்டாரோடும் ஒரு சீட்டு போகிறது. கம்பியின் நீளம், நானே அளந்தது. மரம் என்ன, பசை என்ன, எந்தக் கனத்துக்கு மேல் கம்பி போடக் கூடாது, மழைக்காலத்தில் எங்கே வைக்க வேண்டும். கீழே என் தொலைபேசி எண். கடைசி வரியை மனைவி சொல்லித்தான் சேர்த்தேன்: "ஏதாவது ஆனால் மறைத்து வைக்க வேண்டாம், உடனே கொண்டுவரவும்."